தேனீயும் பவேரியாவின் சட்டங்களும்

ஜெர்மனியின் தென்பாகத்திலுள்ள பவேரியாவில், எட்டாம் நூற்றாண்டில் லத்தீனில் தொகுக்கப்பெற்ற சட்டநூல் ஒன்றில் தேனீக்களைப் பற்றியும் சில விதிகள் உண்டு. தன் கூட்டைவிட்டுக் கிளம்பிய ஈத்திரள் அயலானுடைய மரப்பொந்தில் புகுந்துவிட்டால், உடையவன் மரத்துக்காரனிடம் சொல்லிவிட்டு, புகை மூட்டியும், கோடரியைத் திருப்பிப் பிடித்து மூன்று முறை தட்டியும் அதை வெளியேற்ற முயலலாம்; மரத்துக்குச் சேதம் வரலாகாது; அதற்கும் மசியாமல் உள்ளே தங்கிவிட்டவை மரத்துக்காரனையே சேரும். நான்காவது தட்டுக்கு அந்தப் பழைய நியாயாதிபதிகள் இடம் வைக்கவில்லை.

பின்னாளில் சக்கரவர்த்தியான நான்காம் சார்லஸ், இன்று பவேரியாவில் அடங்கியுள்ள நூரெம்பர்க் ஆரண்யத்தின் தேனெடுப்போருக்கு 1350-ஆம் ஆண்டில் விசேஷ உரிமைகளை உறுதி செய்து சாஸனம் அளித்தார். ஃபாய்க்ட் என்னும் ஊரில் அவர்களுக்கென்றே தனி நியாயஸ்தலம் நடந்தது. பதிலுக்கு அவர்கள் வில்லேந்திச் சேவகம் செய்யக் கடமைப்பட்டிருந்தார்கள். தேவாலயங்களுக்கு மெழுகும் நூரெம்பர்க் நகரத்துப் பணியாரங்களுக்குத் தேனும் வேண்டியிருந்த காலம் அது. ஜீவகாருண்யத்துக்கு அதில் அதிகப் பங்கில்லை.

ஒருவருக்கும் உடைமையல்லாத பூச்சிகளுக்காகச் சட்டம் கேட்கும் எண்ணம் அண்மையில்தான் வலுப்பெற்றது. ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட இடங்களில் வலையில் சிக்கும் பறக்கும் பூச்சிகளின் எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதென்று 2017-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாகவே, பவேரியாவில் ஒரு சிறு கட்சி ஜனக்கோரிக்கை ஒன்றைத் தொடங்கியது. வாக்காளரில் பத்திலொரு பங்கினர் பதினான்கு நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டுமென்பது அந்நாட்டு விதி. 2019 ஜனவரிக் கடைசியில் தொடங்கிய அப்பனிக்காலப் பதிவில் 18.3 சதவீதத்தினர், அதாவது 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், நகரமன்றங்களுக்கு வந்து கையொப்பமிட்டனர். "தேனீக்களைக் காப்பாற்றுங்கள்" என்பது கோஷம். பெட்டியில் வளரும் தேனீயைக் கவனிக்க அதன் எஜமானன் இருக்கிறான், கவனிப்பாரற்றவை காட்டுத் தேனீக்களே என்றாலும், கோஷம் எழுதுகிறவர்களிடம் அந்த அளவு நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முதலில் தயங்கிய அரசாங்கம், கோரிக்கையை நிராகரித்துப் பொதுவாக்கெடுப்பை எதிர்கொள்வதைவிட அதன் மசோதாவை ஏற்பதே மேலென்று கருதிற்று. ஆகஸ்டு 1 முதல் அது சட்டமாயிற்று. ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலுமுள்ள புல்வெளியை ஓரத்திலிருந்து உள்நோக்கி வளைத்து அறுக்கலாகாதென்று அதில் ஒரு விதி. பிராணிகள் தப்பி ஓட வழி வேண்டுமல்லவா? இயற்கையான ஓடைகளின் கரையில் ஐந்து மீட்டர் அகலத்துக்கு உழவோ சாகுபடியோ கூடாதென்பது மற்றொன்று. எது இயற்கை ஓடை, எது மனிதன் வெட்டிய வாய்க்கால் என்பதில்தான் விவசாயிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பிற்பாடு வெகுகாலம் வழக்கு நீடித்தது.