ருக்மாபாய்: விவாகரத்தே இல்லாத காலத்தில் ஒரு பிரிவு

"இனி சேர்ந்து வாழ முடியாது"ன்னு முடிவெடுக்கிறதே கஷ்டம். அதுக்கு மேல வக்கீல், வாய்தா, செலவு, சொந்தக்காரங்க பேச்சு. இன்னைக்கு இதுக்கெல்லாம் ஒரு சட்டமாவது இருக்கு. அதுவும் இல்லாத காலத்தில் ஒரு பெண் எப்படிப் பிரிந்தார் என்பதுதான் இந்த எபிசோட்.

ருக்மாபாய் 1864இல் பம்பாயில் பிறந்தவர். 11 வயதில் அவரை 19 வயது தாதாஜி பிகாஜிக்குக் கட்டிவைத்தார்கள். ஆனால் அவர் கணவரோடு வாழப் போகவில்லை. அம்மாவின் இரண்டாவது கணவர் சகாராம் அர்ஜுன் ஒரு மருத்துவர். அவர் ஆதரவில் தாய் வீட்டிலேயே படித்து வளர்ந்தார். 1884இல் தாதாஜி கோர்ட்டுக்குப் போனார். என் மனைவியை என்னோடு வாழ அனுப்புங்கள் என்பதுதான் வழக்கு.

மறு வருஷமே நீதிபதி பின்ஹே அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். விவரம் தெரியாத வயதில் நடந்த கல்யாணம், இதுவரை சேர்ந்து வாழ்ந்ததும் இல்லை, விருப்பமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அவர் நிலைப்பாடு. தாதாஜி மேல்முறையீடு செய்தார். ஒரு வீட்டு விஷயம் ஊர் விவகாரம் ஆனது. திலகர் தன் பத்திரிகையில் ருக்மாபாயை எதிர்த்து எழுதினார். ருக்மாபாயும் சும்மா இருக்கவில்லை. 'ஒரு இந்துப் பெண்' என்ற புனைபெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்குக் கடிதங்கள் எழுதினார்.

1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் தீர்ப்பு சொன்னார்: கணவரிடம் போக வேண்டும், இல்லையென்றால் 6 மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்று ருக்மாபாய் முடிவெடுத்தார். யோசிச்சுப் பாருங்க, அப்போ அவருக்கு வயசு 22தான்!

கடைசியில் 1888இல் சமரசம். 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி விலகினார். அடுத்த வருஷம் ருக்மாபாய் லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்தார். திரும்பிவந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல வருஷம் டாக்டராக வேலை பார்த்தார்.

ஆனா ஒண்ணு கவனிங்க. இது விவாகரத்து இல்லை. வழக்குதான் முடிந்தது, கல்யாணம் அப்படியே இருந்தது. 1904இல் தாதாஜி இறந்தபோது ருக்மாபாய் விதவைக் கோலத்தில் வெள்ளைப் புடவை உடுத்தினார் என்று அவரைப் பற்றிய குறிப்புகளில் படிக்கிறோம். ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத கணவருக்காக!

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. நம் மதராஸ் மாகாணத்தில் 1949இல் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது. 1955 மே மாதம் நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம். அதே வருஷம் செப்டம்பரில், 90 வயதில், ருக்மாபாய் காலமானார். அந்தச் சட்டத்திலும் பிரிய வேண்டுமென்றால் ஒரு காரணத்தை நிரூபித்தாக வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போய்ப் பிரியும் வழி 1976இல்தான் வந்தது. அதற்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டபின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் கோர்ட் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

'சேர்ந்து வாழ வா' என்று வழக்குப் போடுவது இன்றும் 9ஆம் பிரிவாக இருக்கிறது. சிறை மட்டும் கிடையாது.

ருக்மாபாயின் துணிச்சலைப் பற்றி எல்லாரும் பேசுவோம். ஆனா அவருக்குத் தங்க ஒரு வீடு இருந்தது, குடும்பச் சொத்து இருந்தது, கூட நிற்க ஆட்கள் இருந்தார்கள். இந்த மூணும் இல்லாம எத்தனை பேர் வாயே திறக்காம வாழ்ந்திருப்பாங்க? இன்னைக்கும் ஒருத்தர் பிரியறதா சொன்னா, "ஏன்?"னு கேக்கறதுக்கு முன்னாடி "தங்க இடம் இருக்கா, கையில காசு இருக்கா?"ன்னு கேளுங்க. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உதவி உண்டு. அதையும் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.