இயந்திர மனிதன் எதிரியானமை: மலையக வரலாற்றின் ஒளியில் சில குறிப்புகள்

சித்திரக்கதைகளை இலக்கிய ஆய்வின் புறத்தே நிறுத்துவது நமது புலமை மரபில் இன்றும் காணப்படும் ஒரு வழக்கமாகும். பரந்துபட்ட மக்கள் விரும்பிப் படிக்கும் எதுவும் சமூக வரலாற்றுக்குச் சான்றாதாரமே என்னும் நிலைப்பாட்டிலிருந்து, அக்கதைகளில் அடிக்கடி தோன்றும் இயந்திர எதிரியை இங்கு நோக்குவோம். அவ்வெதிரியின் பூர்வீகத்தை ஆராயுமிடத்து, மலையகத் தோட்டங்களின் வரலாறு ஓர் உரைகல்லாக அமைவதைக் காணலாம்.

'றோபோ' என்ற சொல் உழைப்பின் வரலாற்றிலிருந்து பிறந்ததாகும். செக் நாடகாசிரியர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்டு, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தின் வழியாகவே அது உலக வழக்குக்கு வந்தது. செக் மொழியில் அதன் மூலச்சொல், நிலப்பிரபுவுக்குப் பண்ணையடிமைகள் செய்த கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். சாபெக்கின் றோபோக்கள் இரும்பாலானவையல்ல. உழைப்பதற்கென்றே தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட, மனிதரையொத்த தொழிலாளர்கள். அவர்கள் கிளர்ந்தெழுவதே நாடகத்தின் உச்சம். ரஷ்யப் புரட்சி நடந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்வந்த சித்திரக்கதைகளில் இவ்வர்க்கச் சாயல் மறைந்துபோயிற்று. 1968இல் மார்வெல் நிறுவனத்தின் 'அவெஞ்சர்ஸ்' இதழில் ரோய் தோமஸும் ஜோன் பியூசெமாவும் அறிமுகப்படுத்திய அல்ட்ரோன் இதற்குத் தக்க உதாரணம். விஞ்ஞானி ஹாங்க் பிம் ஆக்கிய அவ்வியந்திரம் தன்னைப் படைத்தவனையே தாக்குகிறது. தன்னைப் பற்றிய நினைவையும் அவன் மனத்திலிருந்து அழித்துவிடுகிறது. அதன் பகைமை தந்தை மீது மகன் கொண்ட வெறுப்பாகச் சுருங்கிவிட, கூலி, உடைமை முதலிய வினாக்கள் எழவே இடமில்லை. மறுபுறத்தில், 1952இல் பிரித்தானிய 'லயன்' வார இதழில் தோன்றி, 1984இல் சிவகாசியில் தொடங்கிய தமிழ் லயன் காமிக்ஸ் வாயிலாக நம் வாசகரை அடைந்த ஆர்ச்சி, மனிதருக்குத் துணைநிற்கும் இரும்பு நாயகன். பணிந்தால் நாயகன், மறுத்தால் எதிரி என்பதே இவ்வுலகின் நியதி எனலாம்.

இந்நியதி கற்பனையில் மட்டும் நிலவியதன்று. மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே, ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். காலப்போக்கில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் உருட்டும் பொறிகளும் உலர்த்தும் பொறிகளும் புகுந்தன. மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் வேலையோ மனிதக் கையிடமே, பெரும்பாலும் பெண்களின் கையிடமே, விடப்பட்டது. ஆகவே அக்கையையே இயந்திரமாக்க முதலாளித்துவம் முற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு எண் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. கடன் கணக்கைச் சுமந்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடியற்காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுத்துச் செக்றோலில் பதிவர். தோட்ட வழக்கில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதரின் பெயரே கூலியின் அலகாகும் இவ்வழக்கைவிட அந்நியமாதலுக்குத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பு, 'உழைக்கப் பிறந்தோர்' எனப் பொருள்படும். சாபெக்கின் றோபோவுக்கும் இதுவே இலக்கணம்.

ஆயினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. லயங்களில் வாழ்ந்தோர் காமன்கூத்தையும் நாட்டார் பாடல்களையும் பேணியவர், சங்கம் அமைத்தவர். லூல்கந்துர அமைந்த அதே ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரி எழுந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் கொல்லப்பட்டார். 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இயந்திரமென எண்ணப்பட்டோர் மறுத்தபோது, எதிரிகளாகவே நடத்தப்பட்டனர்.

அல்ட்ரோன் தன் படைப்பாளியின் நினைவை அழித்ததைக் கண்டோம். இங்கு படைப்பாளி தொழிலாளியே. அவரது உழைப்பு ஈட்டிய செல்வத்தின்மீது எழுந்த அரசு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்மூலம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பிற்போட்டது. பெயர்கள் மீண்டும் எண்களாயின. படைப்புப் படைத்தவரை ஆட்கொள்ளும் உண்மையைச் சித்திரக்கதையும் ஒருவாறு உணர்ந்தேயிருக்கிறது. ஆனால் சமூக உறவின் குற்றத்தை அது இரும்பின்மீது சுமத்திவிடுகின்றது.

இயந்திரத்தையும், மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்தியறியத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்றார் மார்க்ஸ். கொழுந்து பறிக்கும் கையியந்திரங்கள் தோட்டங்களுக்குள் நுழைந்துள்ள இன்றைய நிலையில் அவ்வேறுபாடு நமக்கு இன்றியமையாததாகும். அவை கூனிய முதுகை நிமிர்த்துமா, செக்றோலிலிருந்து பேர்களை நீக்குமா என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அதனை உடைமையாகக் கொண்டோரும், அவர்களுக்கெதிராக அணிதிரளும் உழைப்போருமே அதனைத் தீர்மானிப்பர்.