பிளவுபட்ட சமூகங்களில் அதிகாரப் பகிர்வு ஆட்சி

அதிகாரப் பகிர்வு ஆட்சி என்பது, இனம், மொழி, சமயம் முதலியவற்றால் பிளவுபட்ட ஒரு நாட்டில், பெரும்பான்மைச் சமூகம் தனித்து ஆளாமல் ஏனைய சமூகங்களின் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொண்டு ஆளும் முறை ஆகும். கூடுதல் இடங்களைப் பெற்ற கட்சியே ஆளும் என்ற வழமையான மக்களாட்சி முறையில், எண்ணிக்கையில் சிறிய சமூகம் ஒன்று என்றென்றும் ஆட்சிக்கு வெளியே நிற்க நேரிடலாம் என்பதால் இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது. எனினும், 20 ஆம் நூற்றாண்டில் உருவான இத்தகைய அரசுகளுள் பல, சில ஆண்டுகளிலேயே முறிந்தன. இலங்கையில் 1965 முதல் 1968 வரை ஐக்கிய தேசியக் கட்சியும் இலங்கைத் தமிழரசுக் கட்சியும் இணைந்திருந்த அரசு, தமிழர் வரலாற்றில் இதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு ஆகும்.

கோட்பாடு

அதிகாரப் பகிர்வைக் கோட்பாடாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் நெதர்லாந்தில் பிறந்த அரசறிவியலாளர் ஆரெண்ட் லைபார்ட் ஆவார். இவர் இம்முறைக்கு நான்கு கூறுகள் தேவை என்றார். அவை:

* முக்கிய சமூகங்கள் அனைத்தின் தலைவர்களும் இடம்பெறும் பெருங்கூட்டணி அரசு
* தமது அடிப்படை நலனைப் பாதிக்கும் முடிவைத் தடுக்கும் உரிமை
* சட்டமன்றம், அரசுப்பணி, நிதி ஆகியவற்றில் விகிதாசாரப் பங்கு
* தமது மொழி, கல்வி, பண்பாடு போன்றவற்றைத் தாமே நிர்வகிக்கும் தன்னாட்சி

அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹோரோவிட்ஸ் இதனை மறுத்தார். தலைவர்கள் மேல்மட்டத்தில் உடன்பட்டாலும், அவர்களை விடத் தீவிரமாகப் பேசும் போட்டியாளர்கள் அவர்களது சொந்தச் சமூகத்திலிருந்தே எழுவர் என்பது அவரது வாதம். வேட்பாளர் ஒருவர் வெற்றிபெற மற்றச் சமூகத்தின் வாக்குகளும் தேவைப்படும் வகையில் தேர்தல் முறையை அமைப்பதே சிறந்தது என அவர் கருதினார்.

இலங்கையில்

பின்னணி

இலங்கையின் முதல் அமைச்சரவையிலேயே தமிழர் இடம்பெற்றிருந்தனர். ஆயினும் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியதை அது தடுக்கவில்லை. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1957 இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் பிரதேச சபைகளை அமைக்க ஒப்பந்தம் செய்தனர். எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் பௌத்த பிக்குகளும் எதிர்த்ததை அடுத்து, 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கா அதனைக் கைவிட்டார்.

1965 ஆம் ஆண்டு அரசு

1965 மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில் 151 தொகுதிகளுள் ஐக்கிய தேசியக் கட்சி 66 தொகுதிகளையும் தமிழரசுக் கட்சி 14 தொகுதிகளையும் வென்றன. தனிப்பெரும்பான்மை இல்லாத நிலையில், முந்தைய ஒப்பந்தத்தை எதிர்த்த அதே கட்சி தமிழரசுக் கட்சியின் ஆதரவை நாடியது. மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வடக்கு, கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் ஆக்குதல், மாவட்ட சபைகளை அமைத்தல், அம்மாகாணங்களின் குடியேற்றத் திட்டங்களில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கும் அடுத்து அங்குள்ள தமிழ் பேசும் மக்களுக்கும் முன்னுரிமை வழங்குதல் ஆகியன இதில் அடங்கியிருந்தன. தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் செனட்டராகி, உள்ளூராட்சி அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

முறிவு

1966 சனவரியில் தமிழ்மொழி விதிகள் நாடாளுமன்றத்தின் முன் வந்தபோது, இலங்கை சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தின. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பௌத்த பிக்கு ஒருவர் உயிரிழந்தார். அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. விதிகள் நிறைவேறின. ஆனால் 1968 இல் மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை வெளியானபோது, எதிர்க்கட்சிகளுடன் ஆளுங்கட்சி உறுப்பினர் சிலரும் அதனை எதிர்த்ததால் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அதே ஆண்டில் திருகோணமலைக் கோணேசுவரர் கோயிற் பகுதியைப் புனிதப் பகுதியாக அறிவிப்பது பற்றி ஆராயத் திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். பிக்கு ஒருவரின் எதிர்ப்பை அடுத்துப் பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்தினார். 1968 செப்டம்பரில் திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. எனினும் அரசு கவிழாமல் 1970 வரை நீடித்தது.

1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிறுபான்மையினருக்கான முந்தைய காப்பு விதியும் நீங்கியது. 1976 இல் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

பிற நாடுகளில்

சைப்பிரசு: 1960 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவர் கிரேக்கராகவும் துணைத் தலைவர் துருக்கியராகவும் இருந்தனர். அரசுப்பணி 70:30 எனப் பகிரப்பட்டது. வரிச் சட்டங்களில் முட்டுக்கட்டை ஏற்பட்டது. 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் மக்காரியோசு 13 திருத்தங்களை முன்வைத்தார். அடுத்த மாதமே இரு சமூகங்களுக்கும் இடையே மோதல் வெடித்தது.

வட அயர்லாந்து: 1974 சனவரியில் பொறுப்பேற்ற கூட்டு அரசு, தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டு மே மாதத்திலேயே வீழ்ந்தது.

லெபனான்: 1943 உடன்பாட்டின்படி நாடாளுமன்ற இடங்கள் கிறித்தவருக்கும் முசுலிம்களுக்கும் 6:5 எனப் பகிரப்பட்டன. இதற்கு அடிப்படை 1932 கணக்கெடுப்பு. மக்கள்தொகை மாறியபோதும் விகிதம் மாறவில்லை. 1975 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1989 தாயிப் உடன்பாடு இடங்களைச் சமமாக்கியது.

தோல்விக்கான காரணங்கள்

* சொந்தச் சமூகத்துக்குள் போட்டி: இலங்கையில் இரு பெரும் சிங்களக் கட்சிகளும் ஒரே வாக்காளர்களுக்காகப் போட்டியிட்டன. ஆட்சியில் இருந்த கட்சி செய்த உடன்பாட்டை, எதிர்க்கட்சியில் இருந்த கட்சி இனத்துரோகம் எனக் காட்ட முடிந்தது.
* உறுதிப்பாடு இன்மை: 1957, 1965 ஒப்பந்தங்கள் தலைவர்களுக்கு இடையேயான வாக்குறுதிகள் மட்டுமே. அவற்றை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தை நாட வழி இருக்கவில்லை.
* விலகலால் இழப்பு இன்மை: சிறிய கட்சி விலகிய பின்னும் அரசு நீடிக்கக்கூடுமாயின், வாக்கைக் காப்பாற்றும் தேவை பெரிய கட்சிக்குக் குறைகிறது. மாறாக, தடையுரிமை மிகுதியானால் சைப்பிரசில் போல ஆட்சியே முடங்குகிறது.
* மாறாத விகிதம்: லெபனானில் போல, பழைய எண்ணிக்கை நிலையான பங்காகிவிடுகிறது.
* மக்களின் ஒப்புதல் இன்மை: தலைவர்கள் தமக்குள் முடித்துக்கொண்ட உடன்பாடு எளிதில் ஐயத்துக்கு உள்ளாகிறது.

தமிழ்நாட்டில் ஒப்பிடத்தக்க நிலை

சாதியால் பிளவுபட்ட ஊர்களிலும் இச்சிக்கல் காணப்பட்டுள்ளது. 1996 இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் வேட்புமனுத் தாக்கல் தடுக்கப்பட்டது. வென்றவர்களும் உடனே பதவி விலகும் நிலை ஏற்பட்டது. 2006 இல்தான் அங்கு முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். இலங்கையைப் போலன்றி, இங்கு ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பின் பின்புலம் இருந்தது. அதனால் எதிர்ப்பு பத்தாண்டு நீடித்தும் அவ்வுரிமையை ஒழிக்க முடியவில்லை.

மதிப்பீடு

அதிகாரப் பகிர்வு எப்போதும் தோல்வியுறும் எனக் கூற இயலாது. சுவிட்சர்லாந்தும் பெல்சியமும் இதன் மூலம் ஒன்றுபட்டு நிற்கின்றன. வட அயர்லாந்தில் 1998 ஆம் ஆண்டு உடன்பாடு மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. அதன்படி அமைந்த கூட்டு அரசு பலமுறை செயலிழந்தபோதும் பழைய அளவிலான வன்முறை திரும்பவில்லை. ஆகவே, உடன்பாடு செய்வதை விட அதனை மீறுவதைக் கடினமாக்குவதே முக்கியமானது என்பது இவ்வரலாறுகளிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

* பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம்
* கூட்டாட்சி
* வட்டுக்கோட்டைத் தீர்மானம்