தோளேறிப் போன பிள்ளைகள்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறத் தொடங்கும் முன், ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்கச் சேந்தமங்கலம் பக்கத்துச் சனம் நடந்தேதான் போனது. தேவார வைப்புத்தலம், அத்தனை பழைய வழி. கைக்குழந்தையைச் சாக்குச் சொல்லி யாரும் வீட்டில் தங்கியதில்லை என்பார் என் அம்மாயி.

ஏற்றத்தில் பிள்ளை அப்பன் தோளில், பசித்தால் அம்மா மடியில். இளைப்பாறும் இடத்தில் பழம்புடவை மரக்கிளையேறித் தூளியாகிவிடும். பெரியவர் ஒருவர் முதலில் கிளையில் தொங்கிப் பார்ப்பாராம், பிறகு எறும்பு தேடுவாராம். பிள்ளை மணிக்கட்டில் வசம்பு, மூட்டையில் புளிச்சோறு, அவ்வளவுதான் ஏற்பாடு. மேலே அய்யாற்று மீன்களுக்குப் பொரி போடும்போது பிள்ளையை இறக்கிவிடுவார்கள்.

இப்போது வளைவுகளில் காரை நிறுத்தி வாந்தியெடுக்கும் குழந்தைகளைப் பார்த்தால், தோள்தான் சொகுசு என்பேன். தூக்கியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.