சிலந்தி இழைத்த நூலும் உறையூர்த் துகிலும்



திருவானைக்காவில் வெண்ணாவலின் நிழலில் வீற்றிருக்கும் பெருமான் திருமுடிமேல் சருகு உதிராவண்ணம், சிலந்தி ஒன்று தன் வாய்நூலால் மேற்கட்டி அமைத்தது. யானை அதனைத் தூய்மையற்றதென்று சிதைத்தது. சிலந்தி மீண்டும் இழைத்தது. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழ நாயனாராகப் பிறந்த வரலாறு பெரியபுராணம் கேட்ட யாவரும் அறிந்ததே. நாம் ஈண்டுச் சிந்திக்கப் புகுவது அவர் எடுத்த மாடக்கோயில்களை அன்று. முற்பிறப்பில் இழைத்த நூலை. நூல் இழைத்தலையே பெருமான் வழிபாடாக ஏற்ற தலத்திற்கு எதிரே, காவிரியின் தென்கரையில், துகிலாற் புகழ்பெற்ற ஊர் ஒன்று இருந்தது.

அது சோழர் தலைநகராகிய உறையூர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வணிக நூல், 'அர்காரு' என்ற உள்நாட்டு நகரின் பெயராலேயே வழங்கிய மெல்லிய துகிலைக் குறிக்கிறது. அந்நகர் உறையூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது செங்கற் சாயத்தொட்டி வெளிப்பட்டது. ஐவண்ணநாதர் எழுந்தருளிய ஊரிலன்றோ சாயத்தொட்டி! ஆயினும் பருத்தித் துகில் ஈர மண்ணில் நெடுநாள் நில்லாது. அன்றைய கரையும் கட்டமும் எவ்வாறு இருந்தன என்பதைத் தொட்டி சொல்லாது.

துணியைத் துணியாகவே சேர்த்துவைக்க முற்பட்டவர் ஓர் ஆங்கிலேய அரசு அலுவலர். லண்டன் இந்தியா மியூசியத்தைச் சார்ந்த ஜான் போர்ப்ஸ் வாட்சன், 1866-ல் நம் நாட்டுத் துணிகளை வெட்டி ஒட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக்கினார். அவ்வாறு 20 படிகள். 13 பிரித்தானியாவுக்கு, 7 இந்தியாவுக்கு. நீளம், அகலம், எடை, விலை எல்லாம் குறித்தார். நெய்தவர் பெயரைக் குறித்தாரில்லை. நோக்கமும் மறைவானதன்று. இந்நாட்டார் விரும்பும் துணி இன்னதென்று கண்டு, அங்குள்ள ஆலைகள் நெய்து இங்கு விற்க வேண்டும். பாவில் எந்நிறம் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்னும் எண்ணிக்கையே கட்டம். தந்தை கைவழி மகனுக்கு வருவது. ஒரு சாண் துண்டு கிடைத்தால் அயலாரும் எண்ணிக்கொள்ளலாம். நம் நெசவாளர் வயிற்றிலடித்த வணிகத்திற்கு நம் துணியே பாடநூலாயிற்று. எனினும், அத்தொகுதிகள் இல்லையேல் அக்காலத்துக் கரைகள் பல நம் கண்ணுக்கு எட்டா என்பதை ஒப்பத்தான் வேண்டும்.

சேக்கிழார் பெருமானோ நெய்தவரைப் பெயர் சொல்லி நாயன்மார் வரிசையில் வைத்தார். காம்பீலி நகரத்து நேசநாயனார், ஆடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு அளித்தவர். வேறு அற்புதம் எதுவும் அவர் வரலாற்றில் இல்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் ஆடைக்கு இன்றும் தனிப்பெருமை உண்டு. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் பொருட்டு நம்பெருமாள் கைலி சாற்றிக்கொள்கிறார். ஆனைக்காவில் நாள்தோறும் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அகிலாண்டேசுவரி அம்மையின் புடவையை உடுத்து, கிரீடம் தரித்து, மேளவாத்தியத்துடன் பெருமான் சந்நிதிக்குச் சென்று பூசை செய்கிறார். அவர் நம்மைக் கடந்து செல்லுகையில் அப்புடவையின் கரையை நாம் உற்று நோக்குவது வழக்கம். நெய்தவர் பெயர் அதிலும் இல்லை.