களிம்புக்குள் ஒரு சிறுமி

பைக்கிலிருந்து விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவினேன். நாலாம் நாள் சுற்றிலும் சிவந்து அரித்தது. கிருமிதான்னு நினைச்சு இன்னும் அப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "களிம்பை நிறுத்துங்க, அதுதான் அலர்ஜி" என்றார்.

அன்றுதான் ட்யூபின் பின்பக்கத்தைப் படித்தேன். பாசிட்ராசின். அந்தப் பெயருக்குள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். 1943, நியூயார்க். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்த அவளது காயத்தில் இருந்த ஒரு பாக்டீரியா, மற்ற கிருமிகளை வளரவிடாததை பல்பினா ஜான்சன் கவனித்தார். பாசில்லஸ் என்ற அதன் பெயரோடு சிறுமியின் குடும்பப் பெயரையும் ஒட்டி மருந்துக்குப் பெயர் வைத்தார்கள்.

ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதனால் பெரும்பாலும் தோலோடு நின்றுவிட்டது. தோலிலும் எவ்வளவு தேவை? 1996-இல் சிறிய தோல் அறுவை முடிந்த 922 பேரிடம் இதையும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் ஒப்பிட்டார்கள். தொற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. அலர்ஜி வந்தது பாசிட்ராசின் பக்கம்தான்.

இப்போது சிராய்த்தால் குழாய்த் தண்ணீர், சோப்பு, மெல்லிசாக வாஸ்லின், மேலே சுத்தமான கட்டு. ஆழமான வெட்டு, நாய்க்கடி என்றால் நேரே ஆஸ்பத்திரி. அந்த ட்யூப் இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது, பாதி காலியாக.