பத்தாம் வகுப்போடு நின்ற சோறு: சென்னை மேற்குப் புறநகர்க் கல்லூரி மாணவர் பசி குறித்து

தமிழ்நாட்டில் அரசு சமைத்துப் போடும் சோற்றுக்கு ஒரு வயது வரம்பு உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவியது. 1.7.1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 1984 செப்டம்பரில் அது பத்தாம் வகுப்புவரை நீண்டது. அதற்குப் பிறகு முட்டை சேர்ந்தது, கலவைச் சாதம் சேர்ந்தது. வயது மட்டும் கூடவே இல்லை. 2022 செப்டம்பர் 15இல் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

பதினாறு வயதுக்குமேல் பசி எடுக்காது என்று எவரும் ஆய்ந்து முடிவு செய்யவில்லை. அன்று ஏழை வீட்டுப் பிள்ளைகளில் அதற்கு மேல் படித்தவர்கள் சிலரே. கோடு அங்கே விழுந்தது. இன்று நிலைமை வேறு. உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.0 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைதான் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறது. பள்ளியில் சோறு போட்டதற்குச் சொன்ன நியாயங்கள் அனைத்தும் இந்த மாணவருக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் அதற்கு நல்ல களம்.

மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். ஆள்வது மூன்று உள்ளாட்சிகள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமானது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. இவற்றுக்கிடையே பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எனக் கல்வி நிலையங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் நடுவே ‘இந்துக் கல்லூரி’ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலில் காலையில் ஏறிப் பார்த்தால் போதும்: நகரத்துக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளும், திருவள்ளூர்ப் பக்கமிருந்து இங்கே வரும் பிள்ளைகளும் ஒரே பெட்டியில் நசுங்கிக்கொண்டு வருவார்கள்.

இவர்களுடைய பசியை வறட்சிக்காலப் பஞ்சத்தின் கணக்கில் பார்த்தால் பிடிபடாது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பெரும்பாலான வீடுகளில் உலை வைக்க அரிசி இருக்கும். இல்லாதது நேரமும், அரிசிக்கு மேல் வேண்டிய மற்றவையும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்குப் போகும் அம்மா விடியுமுன் கிளம்பிவிடுகிறார். மகள் ஆறரைக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நேற்றுச் சோறு மிஞ்சியிருந்தால் உண்டு, இல்லையேல் தண்ணீர்தான். பத்து மணிக்குக் கல்லூரி எதிரே உள்ள கடையில் ஒரு டீ, ஒரு பட்டர் பன். கையில் காசு இருக்கும் நாளில் முட்டை பப்ஸ். “சாப்பிட்டாயா” என்று கேட்டால் “டீ குடிச்சிட்டேன் மேடம்” என்று பதில் வரும். அதைக் கேட்டுவிட்டு ஆசிரியர் பாடத்துக்குப் போய்விடுகிறார். வேறென்ன செய்வார்?

அந்த டீயில் ஒரு சிக்கல் உண்டு. தேயிலையின் டானின், தானியம், பருப்பு, கீரையிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்தைக் குறைக்கிறது. இரும்பே குறைவான உணவோடு டீயும் சேர்ந்தால் கிடைப்பது சொற்பம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 52.9 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 24.6, 15-49 வயது ஆண்களை மொத்தமாக எடுத்தால் 15.2தான். ஆணோ பெண்ணோ, பலர் கல்லூரிக்குள் இரத்தம் குறைந்தே நுழைகிறார்கள். மூன்றாவது பீரியடில் மேசையில் தலைசாய்ப்பவரைச் சோம்பேறி என்று வருகைப் பதிவேட்டோடு சேர்த்துக் கணக்கெழுதுவது நமக்குப் பழகிப்போன அநியாயம்.

பையன்களின் கதை சற்று வேறு. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பந்தி பரிமாறி, கடைசிப் பந்தி எழுந்தபின் பதினோரு மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிடுகிறார்கள். மறுநாள் காலை வெறும் வயிறு. பிறர் உண்ண ஓடியாடிச் சம்பாதித்த பணம் பருவத் தேர்வுக் கட்டணத்துக்குப் போகிறது.

“அதற்குத்தான் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோமே” என்று அரசுத் தரப்பில் சொல்லலாம். மாணவியருக்கு அந்த ஆயிரத்தைத் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2023 பிப்ரவரி 8இல் இதே வட்டாரத்தில், பட்டாபிராம் இந்துக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். படிப்பை நிறுத்தவிருந்த பல பெண்களை அந்தத் தொகை தடுத்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் ஆயிரம் ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 33 ரூபாய். அதிலும் ரீசார்ஜ், நகல் எடுப்பது, தம்பியின் நோட்டுப்புத்தகம், வீட்டுக்கடன் வட்டி எல்லாம் முதலில் கை நீட்டும். வீட்டுக்குள் வரும் பணத்தில் ஒரு பெண் தன் காலை இட்லிக்குக் கடைசி இடம்தான் கொடுப்பாள். வங்கிக் கணக்கில் ஏறும் பணம் வயிற்றுக்குப் போகும் என்று உறுதியில்லை. சமைத்துத் தட்டில் வைத்த உணவை வட்டிக்காரனுக்குக் கொடுக்க முடியாது. சத்துணவின் வலிமை அதுதான்.

அம்மா உணவகம் இந்த இடத்தில் நினைவுக்கு வரும். 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கியது, இன்றும் அதே விலை. ஆனால் வார்டுக் கணக்கில் திறக்கப்பட்ட கடைகள் அவை. மாணவர் கால் படும் வழியைப் பார்த்துத் திறந்தவை அல்ல. கூலித் தொழிலாளிக்கு அமைந்த இடம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அமையவில்லை.

வெளிநாட்டு முன்மாதிரிகள் எல்லாமே நமக்குப் பொருந்திவிடாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 1993இல் தொடங்கிய உணவு வங்கி போன்றவை மளிகைப் பொருளைத் தருகின்றன. ஆவடியில் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவிக்கு அரிசிப் பை எதற்கு? பிரான்சு 2020இல் உதவித்தொகை மாணவர்களுக்கு ஒரு யூரோ சாப்பாடு கொண்டுவந்தது. நமக்கு மிக நெருக்கமானது தென்கொரியாவின் ஆயிரம் வான் (அந்நாட்டு நாணயம்) காலை உணவு. 2017இல் அதைத் தொடங்கிய வேளாண் அமைச்சகத்துக்கு அரிசி நுகர்வு கூட வேண்டும் என்ற நோக்கமும் இருந்தது. மாணவர் ஆயிரம் வான் தருகிறார். மீதியை அரசும் பல்கலைக்கழகமும் பகிர்கின்றன. ஏழையா என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கடைசி அம்சம் முக்கியமானது. சென்னையின் பழைய கல்லூரிகள் சில, ஏழை மாணவரைத் தேர்ந்தெடுத்து மதிய உணவு தருகின்றன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை, தோழிகள் பார்க்க இலவச டோக்கனை நீட்டுவதைவிடப் பட்டினி கிடப்பதையே விரும்பும். 1982இல் சத்துணவு வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம், பள்ளியில் சாப்பிட வந்தவரிடம் அது சான்றிதழ் கேட்கவில்லை என்பது. கல்லூரியிலும் ஐந்து ரூபாய் என்று விலை வைத்து, கல்லூரி முதல்வர் மகனும் வரிசையில் நிற்கும்படி செய்வதே சரி.

“வயது வந்தவர்கள், தாங்களே பார்த்துக்கொள்வார்கள்” என்பது அடுத்த மறுப்பு. சமூகநீதி விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,500 ரூபாய் உணவுப்படியை அரசே தருகிறது. வயது வந்தவர் என்று அங்கே மறுக்கவில்லை. வீட்டிலிருந்து வந்துபோகிறவர் மட்டும் எப்படித் தகுதி இழந்தார்?

செலவைக் கணக்கிடுவோம். மாணவர் தரும் ஐந்து ரூபாய் போக, ஒரு தட்டுக்கு அரசு 20 ரூபாய் போட்டால், 200 வேலை நாளுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய். புதுமைப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 12,000 கொடுக்கும் அரசுக்கு இது எட்டாத தொகையல்ல. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம்: பொங்கல் அல்லது கிச்சடி, காய்கறி போட்ட சாம்பார், வாரத்தில் மூன்று நாளாவது முட்டை. டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அதே ஊரில் ஒரு சமையற்கூடமும் அமைத்து, சுற்றியுள்ள அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகள், ஐ.டி.ஐ.களுக்குக் காலை எட்டு மணிக்கு வண்டி அனுப்புவதை உயர்கல்வித் துறை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.